வேட்டுக்கு அழாத பிள்ளை

மார்ச் 24, செவ்வாய்

இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். பகலில் பேனாவை எடுத்தால் அபி பிடுங்கி வாயில் வைத்துக்கொள்கிறாள். மாமா ரேடியோவை நிறுத்தி, அத்தை வெற்றிலையைத் துப்பிவிட்டுப் படுத்து, நான் பாத்திரங்களைக் கவிழ்த்து முடிக்கும்போது தெருவே அடங்கிவிடுகிறது. எழுத்து கோணலாக இருந்தால் தூக்கக் கலக்கம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறந்ததிலிருந்து இந்த வருஷம்தான் செல்லியம்மன் திருவிழாவை விடப்போகிறேன், கொடி ஏறுவதிலிருந்து இறங்குவது வரை தினமும் எழுதிவைத்து மொத்தமாக அனுப்பு என்று மஸ்கட்டிலிருந்து உத்தரவு போட்டிருக்கிறீர்கள். சரி. உங்கள் ஊர்த் திருவிழாவை ஒரு திருச்சிக்காரி எழுதுகிறேன். தப்பிருந்தால் உங்கள் அம்மாவைக் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

காலையில் கொடி ஏறியது. கயிறு பாதியில் சிக்கிக்கொண்டது. பூசாரி வியர்த்துப்போய் மேலே பார்த்துக்கொண்டு நிற்க, கூட்டத்தில் யாரோ, "ஆத்தா இன்னும் எந்திரிக்கல, ஒரு காப்பி குடுங்கப்பா" என்றார். மாமாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயில் மைதானம் வரை பந்தல்கால் ஊன்றிவிட்டார்கள். நீங்கள் விசாரித்த சேவுக்கடை அதே வேப்பமரத்தடியில்தான். ராட்டினம் இரண்டு லாரிகளில் வந்து இறங்கியிருக்கிறது. மரணக்கிணறும் உண்டாம்.

ஊருக்கு வந்த நவநீதன் அண்ணனிடம் கொடுத்துவிட்ட டேப் ரெக்கார்டரும் கேசட்டும் வந்து சேர்ந்தன. மத்தியானம் போட்டுக் கேட்டோம். "அபிக்குட்டி, அப்பா பேசுறேன்டா" என்று உங்கள் குரல் வந்ததும் அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அபி பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். கையைத் தட்டினாள். "பாத்தியா, அப்பன் சத்தம் கேட்டதும் அவ மூஞ்சியப் பாரு" என்றார் அத்தை. கேசட் முடியும்வரை அவள் அசையவில்லை.

அதில் "அப்பான்னு சொல்றாளா?" என்று கேட்டிருந்தீர்கள். இன்னும் இல்லை. ம்ம், ங்ங் என்று சத்தம் போடுகிறாள். பக்கத்து வீட்டுப் பேச்சி மதினியின் பையன் முகிலன் இவளைவிட இளையவன், அவன் அம்மா, தாத்தா, காக்கா எல்லாம் சொல்லிவிட்டான். பிள்ளைக்குப் பிள்ளை மாறும். கூப்பிட்டால்கூட அபி சிலநேரம் திரும்புவதில்லை, விளையாட்டுப் புத்தி. அதைப்பற்றி நான் கவலைப்படவில்லை.

மார்ச் 25, புதன்

முறுக்கும் அதிரசமும் சுட்டோம். கையெல்லாம் எண்ணெய்ச் சூடு. அபி சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு எட்டு வைத்தாள். பின்னாலிருந்து கூப்பிட்டேன். நடையில் கவனம், திரும்பவில்லை.

மார்ச் 26, வியாழன்

இன்று சாயங்காலம் மைதானத்துக்குப் போனோம், பேச்சி மதினியும் நானும், இடுப்பில் ஆளுக்கொரு பிள்ளை. நீங்கள் இருந்திருந்தால் என்னைத் திட்டியிருப்பீர்கள். அபியை மதினியிடம் கொடுத்துவிட்டு ராட்டினத்தில் ஏறினேன்! கையால் சுற்றுகிற சின்ன ராட்டினம்தான், ஆனாலும் மேலே போனபோது வயிறு காணாமல் போய்விட்டது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபிறகு இவ்வளவு சத்தமாகச் சிரித்ததில்லை. உச்சியிலிருந்து கம்மாக்கரையும் நம் வீட்டு மொட்டைமாடியில் காயும் உங்கள் பழைய லுங்கியும் தெரிந்தன. "அபி! அபிக்குட்டி! மேல பாரு!" என்று கத்தினேன். முகிலன்தான் நிமிர்ந்து பார்த்தான். பிறகு மதினி விரலைக் காட்டினாள். அப்புறம்தான் அபி பார்த்தாள்.

கருப்பட்டி மிட்டாய் வாங்கினோம். அபிக்கு ஒரு கிலுகிலுப்பையும் சிவப்புக் காற்றாடியும். கிலுகிலுப்பையைத் தூக்கி எறிந்துவிட்டாள். காற்றாடியை விடவே இல்லை.

மரணக்கிணற்றின் பலகையில் ஏறி நின்றோம். கீழே இரண்டு மோட்டார் சைக்கிள்கள் சுவரில் சுற்றிச்சுற்றி ஏறிவந்தன. சைலன்சரைக் கழற்றிவிட்டு ஓட்டுவார்கள்போல, எனக்கே காது அடைத்தது. முகிலன் கத்திய கத்தலில் மதினி பாதியிலேயே இறங்கிவிட்டாள். அபி என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் அவளை எட்டிப் பார்த்தார்.

"யாரு வீட்டுப் பிள்ளைம்மா?"

மாமா பேரைச் சொன்னேன்.

"சம்முகவேல் பேத்தியா! இந்தச் சத்தத்துல தூங்குதே. இந்த வருசம் மடிப்பிள்ளை உங்க வீட்டுலதான், எழுதி வச்சுக்கோ."

உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனால் நான் முதல் தடவையாகப் பிள்ளையோடு நிற்கப்போகிறேன், அதனால் எனக்கே ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். ஏழாம் நாள் பிள்ளைவேட்டு. போன திருவிழாவுக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளை மைதானத்தில் நெல்லைக் குவித்து, மேலே புதுத்துணி விரித்து உட்காரவைப்பார்கள். தாய்மார் கோட்டுக்கு வெளியே போய்விட வேண்டும். மூன்று குழாய்வேட்டு போடுவார்கள். மூன்றுக்கும் அழாத பிள்ளை ஆத்தாவின் மடிப்பிள்ளை. சாமி கழுத்து மாலை அதற்கு வரும். பத்தாம் நாள் சப்பரத்தில் ஆத்தாவின் காலடியில் ஊர்வலம் போகும். கொடி இறங்கும்வரை அந்தப் பிள்ளை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. பல வருஷமாக ஒரு பிள்ளையும் தேறவில்லையாம்.

"உங்க மகன் எப்படி அத்தை?" என்று கேட்டேன்.

"அவனா? மொத வேட்டுக்கு ஒண்ணுக்கு, ரெண்டாவது வேட்டுக்கு ரெண்டுக்கு. மூணாவதுக்கு நானே ஓடிப்போய்த் தூக்கிட்டேன்" என்றார்.

மார்ச் 27, வெள்ளி

சமையல்கட்டில் எவர்சில்வர் குடம் கைதவறி விழுந்தது. அபி கூடத்தில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். உடனே திரும்பினாள்! ஓடிப்போய்த் தூக்கி முத்தம் கொடுத்துத் தீர்த்தேன். அத்தை, "கொடம் நெளிஞ்சிருச்சு, இவ கொஞ்சிக்கிட்டு நிக்கா" என்றார். நெளியட்டும். நான் ஒரு பைத்தியம்.

சேர்த்து எழுதுகிறேன். குடம் உருண்டுபோய்க் கட்டில் காலில் முட்டியிருந்தது. பிறகுதான் கவனித்தேன். மூன்று வருஷம் விலங்கியல் படித்தவள், அதிர்வு எது சத்தம் எது என்று தெரியாதவள் இல்லை. கொல்லையில் மண்தரையில் சாக்கு விரித்து அவளை உட்காரவைத்து, பின்னால் நின்று தகரத்தில் கரண்டியால் அடித்தேன். கோழிகள் நாலாபக்கமும் சிதறி ஓடின. கோழிகள் ஓடுவதைப் பார்த்து அபி சிரித்தாள்.

மார்ச் 28, சனி

உங்கள் கேசட்டின் இரண்டாம் பக்கத்தில் நீங்கள் ஒன்றும் பேசவில்லை. அது வெறும் பக்கம். இன்று மத்தியானம் அத்தை கோயிலுக்குப் போயிருந்தபோது அந்தப் பக்கத்தைப் போட்டேன். சின்னக் கண்ணாடிக்குள் இரண்டு சக்கரங்களும் சுற்றின. லேசான உஸ் தவிர ஒரு சத்தமும் இல்லை. அபி முன்னால் வந்து உட்கார்ந்தாள். கையைத் தட்டினாள். அன்றைக்குத் தட்டிய அதே தட்டல். நிறுத்தினேன், சக்கரங்கள் நின்றன, அழுதாள். மறுபடி போட்டேன், சிரித்தாள்.

அவ்வளவுதான். இதற்கு மேல் இதைப்பற்றி எழுதத் தெரியவில்லை.

அத்தை வந்ததும் சொன்னேன். பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்று நினைக்கிறேன், மதுரைக்குக் கூட்டிப்போய்க் காட்டலாம் என்று. அத்தை தலையில் இருந்த பூவைக்கூட எடுக்கவில்லை, அப்படியே நின்றார்.

"வாயக் கழுவு மொதல்ல."

"இல்ல அத்தை, நான் சோதிச்சுப் பாத்தேன்..."

"என்ன சோதிச்ச? தவளைய அறுத்துப் பாத்த மாதிரி என் பேத்தியச் சோதிச்சியோ? படிச்ச புத்திக்கு எதுலயும் குத்தம்தான். நான் கூப்பிட்டா எப்படித் தவழ்ந்து ஓடியாரா தெரியுமா?"

தவழ்ந்து ஓடிவருகிறாள், உண்மைதான். அத்தை கூப்பிடும்போது இரண்டு கையையும் விரிப்பார்.

"பொட்டப்பிள்ளைன்னு ஊரே மூஞ்சியச் சுளிச்சுச்சு. இப்ப நாலு பேரு நல்லவிதமாப் பேசுதாக. பிள்ளைவேட்டு முடியுற வரைக்கும் இந்தப் பேச்ச எடுக்காத."

முதலில் முகம் சுளித்தது யார் என்று அத்தைக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கிறது. உங்களுக்கும் இருக்கும்.

ஒன்று கேட்க வேண்டும். அபி வயிற்றில் இருந்தபோது, மூன்றாம் மாதம், எனக்கு இரண்டு நாள் காய்ச்சல் அடித்து உடம்பெல்லாம் சிவப்பாகத் தடித்து அடங்கியதே, நினைவிருக்கிறதா? நீங்கள்கூட வேப்பிலை பறித்துவந்தீர்கள். சும்மாதான் கேட்டேன்.

மார்ச் 29, ஞாயிறு

பால்குடம். நல்ல வெயில். மதுரைக்கு முதல் பஸ் எப்போது என்று கடைத்தெருவில் விசாரித்துவைத்தேன். ஐந்தரைக்கு.

மார்ச் 30, திங்கள்

பிள்ளைவேட்டு முடிந்தது. நீங்கள் எதிர்பார்த்து முதலில் இந்தப் பக்கத்தைத்தான் தேடியிருப்பீர்கள்.

காலையிலேயே மாமா அபிக்குப் பட்டுப்பாவாடை வாங்கிவந்துவிட்டார். அவருக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நெற்றியில் அவரே திருநீறு பூசினார். "தாத்தா பேரக் காப்பாத்துவியாடா கண்ணு?" என்று அவள் மூக்கைத் தொட்டார். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். அந்தத் துண்டுகூடப் புதுசு.

பதினோரு பிள்ளைகள். நெல் அம்பாரத்தின்மேல் வரிசையாக உட்காரவைத்தார்கள். முகிலன் வேட்டு போடும் முன்பே அழ ஆரம்பித்துவிட்டான். மதினி கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று, "ஏலே, உங்கப்பன் தீவாளிக்குப் போர்வைக்குள்ள படுக்கிறவன், உனக்கு மட்டும் எங்கிருந்து வரும்?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வரிசையாக நின்ற தாய்மார் எல்லாரும் அழாத, அழாத என்று முணுமுணுத்தார்கள். நான் அழு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அழு அபி, ஒரே ஒரு தடவை வீறிட்டு அழு, உன்னைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறேன், இந்த ஊரில் ஒருத்தரும் உன்னை நினைவில் வைக்க வேண்டாம்.

முதல் வேட்டு. நிலம் குலுங்கியது. பிள்ளைகள் ஒரே குரலில் கத்தின. அபிக்கும் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. என் உயிர் திரும்பி வந்தது. ஆனால் அவள் அழவில்லை, தன்னை யார் தொட்டது என்று தேடுவதுபோல வயிற்றைக் குனிந்து பார்த்தாள். இரண்டாவது வேட்டுக்குப் புளியமரத்திலிருந்து காக்கைகள் கூட்டமாகக் கிளம்பின. அபி அதைக் கண்டுவிட்டாள். விரலை நீட்டி என்னைத் தேடித் திரும்பினாள், நான் பார்க்க வேண்டுமாம். மூன்றாவது வேட்டின்போது சுற்றிலும் பத்துப் பிள்ளைகள் புரண்டு கதற, அவள் மட்டும் புகையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

குலவை எழுந்தது. பூசாரி ஆத்தாவின் கழுத்து மாலையை எடுத்துவந்து அவளுக்குப் போட்டார். மாலைக்குள் அவளே காணாமல் போய்விட்டாள். மாமா எல்லார் முன்னிலையிலும் அழுதார். அத்தை அபியைத் தூக்கித் தலைக்கு மேலே பிடித்து, "எங்க வீட்டு ராசாத்தி! ஆம்பளப் பிள்ளைகள்லாம் பாத்துக்கிடுங்க!" என்று கத்தினார். என் பிறந்த வீட்டில் தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் பஸ் ஏறிய அதே அத்தை.

கூட்டத்தில் எல்லாரும் என் கையைப் பிடித்தார்கள். நான் சந்தோஷமாக இருந்தேன்.

மார்ச் 31, செவ்வாய்

காலையிலிருந்து ஆட்கள். அபியின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். தேங்காய், பழம், ஒரு வீட்டில் கவுன். யாராவது அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் நான் முந்திக்கொண்டு அவளை அந்தப் பக்கம் திருப்பிவிடுகிறேன். இதையும் எழுதிவிடுகிறேன், நானே அவளுக்காகத் திரும்புகிறேன்.

மதினி வந்தாள். "ஒனக்கென்ன மங்கை, இனிமே சப்பரத்துல போற குடும்பம். நாங்கள்லாம் தெருவுல நின்னு கும்பிடுற சனம்" என்றாள். குரலில் கொஞ்சம் எரிச்சல், கொஞ்சம் பாசம். முகிலன் அவள் மடியிலிருந்து "அபி, அபி" என்றான். அவன் சொல்கிறான் அவள் பெயரை.

சாயங்காலம் மாமாவிடம் நேராகவே சொல்லிவிட்டேன். குடமும் தகரமும் கேசட்டும் எல்லாம். அவர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"ஏம்மா, மூணு வேட்டையும் நீயும் பாத்தேல்ல?"

"பாத்தேன் மாமா. அதனாலதான் சொல்றேன்."

"ஆத்தா மடிப்பிள்ளையக் கொண்டுபோய் டாக்டருகிட்ட காட்டுனா, ஊரு என்ன சொல்லும்? ஆத்தா செவிட்டுப் பிள்ளையத்தான் தேடிப் பிடிச்சான்னு சொல்லும். பிள்ளைக்குக் காலத்துக்கும் அதுதான் பேரு. கொடி எறங்கட்டும். அதுக்கப்புறம் அவன் வந்து ஒரு முடிவு எடுக்கட்டும்."

நீங்கள் வருவதற்கு இன்னும் ஒன்றேகால் வருஷம் இருக்கிறது.

ஏப்ரல் 1, புதன்

கண்ணாடி முன்னால் அபியை மடியில் வைத்துக்கொண்டு "அப்பா" என்று சொல்லிக்காட்டினேன். என் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் தன் உதட்டை.

ஏப்ரல் 2, வியாழன்

சப்பரம்.

டிராக்டரில்தான் சப்பரம் கட்டியிருந்தார்கள். சுற்றிலும் டியூப்லைட், பின்னால் ஒரு வண்டியில் ஜெனரேட்டர். நிஜமாகவே அழகாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆத்தாவுக்குப் பச்சைப் பட்டு. காலடியில் அத்தை, அத்தை மடியில் மாலையோடு அபி. வீட்டுக்கு வீடு தேங்காய் உடைத்தார்கள். அபி ஒவ்வொரு விளக்காகக் கையை நீட்டிக்கொண்டு வந்தாள். நான் சக்கரத்தை ஒட்டி நடந்தேன். இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து நான் யாருடைய மருமகள் என்றுதான் கேட்பார்கள். இன்று, "அபி அம்மா, கொஞ்சம் தள்ளி நடங்க, சக்கரம்" என்றார்கள்.

கீழத்தெரு முக்கில் திரும்பும்போது ஜெனரேட்டர் நின்றுவிட்டது. ஒரே இருட்டு. மேளம் மட்டும் நிற்கவில்லை.

அபி வீறிட்டாள். அப்படி ஒரு கத்தலை நான் அவளிடம் கேட்டதே இல்லை. மேளத்தையும் மீறிக் கேட்டது. மேலே அத்தையின் குரல்: "தாயி, இந்தா அப்பத்தா இருக்கேன். அப்பத்தா மடியிலதான இருக்க! இந்தா, இந்தாடா!" கத்தல் கூடியது. அத்தை இன்னும் உரக்க, "அபி! அப்பத்தாடா! அபி!" என்றார். மேளத்தை யாரோ நிறுத்தச் சொன்னார்கள். அது நின்றபிறகும் அத்தை கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், தெரு முழுக்கக் கேட்க, காதோரம் வாயை வைத்து, கெஞ்சலாக. அபி எதற்கும் அடங்கவில்லை. நான் சப்பரத்தில் ஏற இடம் தேடித் தடவிக்கொண்டிருந்தேன்.

யாரோ டார்ச் அடித்தார்கள். வெளிச்சம் அத்தையின் முகத்தில் விழுந்தது. அபி அந்த முகத்தைப் பார்த்தாள், தேம்பல் அந்தக் கணமே நின்றது. இரண்டு கையாலும் அத்தையின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"வேட்டுக்கு அழாத பிள்ளை இருட்டுக்கு அழுதிருச்சே" என்று ஒருவர் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. ஜெனரேட்டர் மறுபடி ஓடி விளக்குகள் எரிந்தன. அத்தை அபியைத் தன்னை விட்டுத் திருப்பி உட்காரவைத்தார். அவள் பின்னந்தலைக்குப் பக்கத்தில் குனிந்து, "அபி" என்றார். பிறகு, "அபிராமி!" மேளக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். அபி ஆத்தாவின் சேலை ஜரிகையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அத்தை என்னைக் கீழே தேடினார். கண்டதும் பார்வையை எடுத்துக்கொண்டார். கோயிலில் சப்பரம் நிற்கும்வரை அந்தப் பிள்ளையின் காதுகள் இரண்டையும் உள்ளங்கையால் மூடிக்கொண்டே வந்தார்.

ஏப்ரல் 5, ஞாயிறு

இரண்டு நாளாக எழுதவில்லை. மதுரையில் இருந்தோம்.

வெள்ளிக்கிழமை விடியும் முன்பே அத்தை என்னை எழுப்பினார். குளித்து, சேலை மாற்றி, பையும் கட்டியாகிவிட்டது.

"மொத பஸ்ஸு எப்பன்னு விசாரிச்சு வச்சிருந்தேல்ல? எப்ப?"

மாமா எழுந்து வந்து வாசலை மறித்து நின்றார். "கொடி எறங்கல. சாயங்காலம்தான் எறக்குவாக. எல்லை தாண்டக் கூடாதுன்னு ஒனக்குத் தெரியாதா?"

"அவ ஆத்தா மடிப்பிள்ளைதான? ஆத்தாகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். நீங்க ஊருகிட்ட சொல்லிக்கிடுங்க" என்றார் அத்தை.

மாமா விலகினார். அத்தை அபியின் மாலையைக் கழற்றி எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றிப் பார்த்துவிட்டு, நேரே போய் உங்கள் போட்டோவுக்குப் போடக் கையைத் தூக்கிவிட்டார். "ஐயோ அத்தை, உயிரோட இருக்காங்க!" என்று நான் அலறினேன். அவர் மாலையும் கையுமாக நின்று சிரிக்க ஆரம்பித்து, சுவரில் சாய்ந்து அழுதார். உங்களுக்கு ஆயுசு கெட்டி.

டாக்டர் அபியைத் தூங்கவைத்துத் தலையில் ஒயர்களை ஒட்டிப் பார்த்தார். மறுநாளும் வரச்சொல்லிப் பார்த்தார். இரண்டு காதும். ரொம்பப் பெரிய சத்தம் மட்டும் லேசாகப் போகலாம் என்றார். வயிற்றில் இருந்தபோது எனக்குக் காய்ச்சலும் தடிப்பும் வந்ததா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை, "வந்துச்சுய்யா. வேப்பிலையும் கசாயமும் போதும், ஆசுபத்திரி எதுக்குன்னு சொன்னது நாந்தான். இவ மேல தப்பில்ல" என்றார். அந்தக் காய்ச்சல்தான் காதைப் பாதித்திருக்கும், அப்போதே ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாலும் யாராலும் எதுவும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். பஸ்ஸில் வரும்போது அத்தை அதையே மறுபடி மறுபடி என்னிடம் கேட்டார், "அப்படித்தான சொன்னாரு? நெசமாத்தான சொன்னாரு?"

இனி உங்களிடம் கேட்க வேண்டியது. காதுக்கு மிஷின் வைத்தால் கொஞ்சம் கேட்கும், சீக்கிரம் வைக்க வேண்டும் என்கிறார். மதுரையில் இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. தாயும் தினமும் பிள்ளையோடு உட்கார்ந்து பழக வேண்டும். வெளிச்சத்தில், முகத்துக்கு நேராக, உதடு தெரியப் பேச வேண்டும். இந்த வயதில் ஆரம்பித்தால் பேச்சு வரும், தள்ளிப்போட்டால் கஷ்டம் என்று அங்கிருந்த டீச்சர் சொன்னார். அங்கே ஒரு சின்னப் பெண் என் உதட்டைப் பார்த்துவிட்டு என் பெயரைத் திருப்பிச் சொன்னாள். மங்கை என்று, கொஞ்சம் மூக்கால். எனக்குப் போதும்.

மதுரையில் ஒரு அறை எடுத்துத் தங்கி அபியை அங்கே சேர்க்க நினைக்கிறேன். அத்தை, "சோறாக்கிப் போட ஆள் வேணும்ல, நானும் வாரேன்" என்கிறார். மாமா மட்டும், "அவன் ஒரு வார்த்தை எழுதட்டும்" என்று நிற்கிறார். கொடி இறங்கியபோது சம்முகவேல் வீட்டுப் பிள்ளை எங்கே என்று ஊரில் கேட்டிருக்கிறார்கள். மாமா எல்லார் முன்னிலையிலும் உண்மையைச் சொல்லிவிட்டாராம். அதற்குப் பிறகு அவர் கடைத்தெருப் பக்கம் போகவில்லை. பூசாரி மாலையைத் திருப்பிக் கேட்கவில்லை.

இன்று சாயங்காலம் மதினி கருப்பட்டி மிட்டாயோடு வந்தாள். "அப்போ அந்த வேட்டுக்கு..." என்று ஆரம்பித்தாள். "ஆமா மதினி" என்றேன். முகிலனைக் கீழே இறக்கிவிட்டாள். அவன் தவழ்ந்துபோய் அபி முன்னால் உட்கார்ந்து, அவளுடைய காற்றாடியை ஊதிக்காட்டினான்.

இந்தப் பக்கங்களில் எதையும் கிழிக்காமல் அனுப்புகிறேன். கவலைப்படவில்லை என்று முதல் நாள் எழுதியதும் அப்படியே இருக்கிறது.

இனிமேல் அபிக்குக் கேசட்டில் பேசி அனுப்பாதீர்கள். உங்கள் முகம் பெரிதாகத் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். "அப்பா" என்று சொல்லும்போது எடுத்தது, உதடு தெரிய வேண்டும். மாமாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடுங்கள். பள்ளிக்கூடம் ஜூன் மாதம் திறக்கிறது. சீக்கிரம் பதில் எழுதுங்கள்.